உள்ளங்கையளவு ரப்பர்

மாமா முதலில் முன் சக்கரத்தைத்தான் பார்த்தார். ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுதும் ஒடித்து வைக்கச் சொன்னார். சின்ன முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையை டயர் மேல் வைத்து வெளியிலிருந்து உள்ளே தடவினார். அப்புறம் உள்ளிருந்து வெளியே. "நீயே தொட்டுப் பாரும்மா" என்றார். கை உள்ளே போகும்போது வழவழவென்று போனது. திரும்பி வரும்போது டயர் மேல் துருத்தி நிற்கும் ஒவ்வொரு ரப்பர் பட்டனும் ரம்பப் பல் மாதிரி விரலில் தட்டியது.

"சக்கரம் நேரா உருளலைம்மா. ரோட்டுல தேய்ச்சுக்கிட்டே போயிருக்கு" என்றார்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவிலேயே இருக்கிறார் மாமா. ஊர் முழுக்க அவரை 'அங்கிள்' என்றுதான் கூப்பிடும். நான் கரூரிலிருந்து வந்தவள், எனக்கு வாயில் மாமாதான் வருகிறது, அவருக்கும் அது பிடித்திருக்கிறது. நகராட்சியின் இந்தியத் தொழிலாளர்கள் இருந்த மாகசின் பேரக்ஸில் பிறந்து, அறுபதுகளில் அந்தக் குடியிருப்பைக் காலி செய்து எல்லாரையும் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியபோது பெற்றோருடன் இங்கே வந்தவர். சிட்னி ரோட்டில் இருந்த டன்லப் ஆலையில் சில வருடம், பிறகு டயர் மாட்டும் கடைகளில் நாற்பது வருடம் வேலை பார்த்தவர். அவருடைய பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் புரியாது. என்னோடு பேசும்போது மட்டும் அவர் பாட்டியிடம் கற்ற தமிழ் வெளியே வருகிறது. டயரைப் பற்றிப் பேசும்போது இன்னும் நன்றாக வருகிறது.

என் கார் 2005ஆம் வருடத்து நிஸான் 350 ஸெட். மூன்றரை லிட்டர் வி6 எஞ்சின், பின் சக்கர ஓட்டம், இரண்டே இருக்கை. சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்டு, பணம் சேர்த்து, ஜோகன்னஸ்பர்க்கில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். எஞ்சினைப் பார்த்தேன், துரு இருக்கிறதா என்று பார்த்தேன், சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினேன். டயரில் பட்டன் இருக்கிறது என்ற அளவோடு விட்டுவிட்டேன். அந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வாங்கி என்3 நெடுஞ்சாலையில் டர்பனுக்கு ஓட்டி வந்தபோது, மூய் ரிவர் தாண்டி வழுக்கல் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. சென்சார் பழுதாக இருக்கும் என்று நினைத்தேன். நவம்பரில் ஒரு மாலை, கீ ரிட்ஜ் இறக்கத்தில் மழை. இரண்டு பக்கமும் லாரிகள். தடம் மாற ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பினேன். முன் பக்கம் சொன்ன பேச்சைக் கேட்டது, பின் பக்கம் கேட்கவில்லை. அரை விநாடி காரின் வால் எனக்கு முன்னால் வரப் பார்த்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்தேன், கார் நேரானது. வேறெதுவும் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்து காரை நிறுத்திவிட்டு வெகுநேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாள் காலையில்தான் மாமாவைக் கூப்பிட்டேன்.

முன் டயரைத் தடவிப் பார்த்த பிறகு, ஜாக்கி போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கினோம். வெளியிலிருந்து பார்த்தால் அந்த டயர்கள் நன்றாகவே இருந்தன. உள்ளோரத்தில் டார்ச் அடித்தால் ரப்பர் தீர்ந்து நூல் தெரிந்தது. பின் சக்கரங்கள் தலைப்பக்கம் உள்ளே சாய்ந்து நிற்கிற கார் இது. அந்தச் சாய்வு அளவுக்கு மீறினால் உள்ளோரம்தான் முதலில் போகும். குனிந்து பார்க்காத யாருக்கும் அது தெரியாது. நானும் குனிந்து பார்க்கவில்லை.

அப்புறம் மாமா பக்கச்சுவரில் இருந்த எழுத்தைப் படித்தார். "இருநூத்து நாப்பத்தஞ்சு, நாப்பது, பதினெட்டு." ஓட்டுநர் கதவைத் திறந்து, சட்டத்தில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். முன்னால் 225/45 ஆர்18. பின்னால் 245/45 ஆர்18. மாட்டியிருந்தது 245/40. ஒரே ஒரு எண்தான் வேறு.

இந்த எண்களைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் என் கதை முழுக்க இதற்குள்தான் இருக்கிறது. 245 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 45 என்பது பக்கச்சுவரின் உயரம், ஆனால் மில்லிமீட்டர் இல்லை. அகலத்தில் 45 சதவீதம். அதாவது 110 மில்லிமீட்டர். 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ரிம்மின் விட்டத்தோடு, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் பக்கச்சுவர் உயரத்தை இரண்டு முறை கூட்டினால் டயரின் மொத்த விட்டம் கிடைக்கும். என் காருக்குச் சரியான முன் டயர் 660 மில்லிமீட்டர் உயரம், சரியான பின் டயர் 678. பின்னால் இருக்க வேண்டியது 18 மில்லிமீட்டர் பெரியது. மாட்டியிருந்த 245/40 டயரோ 653தான். முன் டயரைவிடவும் குட்டை.

எனக்குக் கணக்குத்தான் தொழில், அதனால் அன்று இரவே உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோமீட்டர் ஓட முன் சக்கரம் ஏறக்குறைய 482 முறை சுற்றுகிறது. சரியான பின் சக்கரம் 470 முறை சுற்றும்; முன்னதைவிட 12 குறைவு. காரின் வழுக்கல் தடுப்புக் கணினி இந்த வித்தியாசத்தைச் சரியான நிலை என்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. என் காரில் பின் சக்கரம் 487 முறை சுற்றிக்கொண்டிருந்தது. முன்னதைவிட 5 அதிகம். பின் சக்கரம் முன்னதைவிட வேகமாகச் சுற்றினால் கணினிக்கு ஒரே அர்த்தம்தான்: பின்பக்கம் வழுக்குகிறது. மூய் ரிவர் தாண்டி எரிந்த விளக்கு பழுதே இல்லை. அதற்குத் தெரிந்த உண்மையை அது சொல்லிக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் இருந்தது. முன்னால் இருந்தவை நல்ல ஜப்பான் டயர்கள், இரண்டு வருடம்கூட ஆகாதவை. பின்னால் இருந்தவை எங்கோ மலிவாகக் கிடைத்தவை, வயதானவை. டயரின் பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரியின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். என் பின் டயர்களில் ஒன்பது வருடத்துக்கு முந்தைய வாரம். அந்தப் பட்டனில் மாமா கட்டைவிரல் நகத்தை அழுத்தினார். நகம் பதியவில்லை. வெயிலிலும் காற்றிலும் ரப்பர் இறுகிப் போகும். ஆழம் இருந்தாலும் ஈரத்தில் பிடிக்காது.

பின் சக்கர ஓட்டக் காரில் முன்னால் நல்ல பிடி, பின்னால் கெட்ட பிடி என்பது எல்லாவற்றையும்விட ஆபத்தான ஜோடி. முன்பக்கம் வழுக்கினால் கார் நேராகப் போகப் பார்க்கும். பயந்து காலை எடுத்தால் பெரும்பாலும் சரியாகும். பின்பக்கம் வழுக்கினால் கார் திரும்பிக்கொள்ளும். இதனால்தான் நிஸான் பின்னால் அகலமான டயர் கொடுத்திருக்கிறது: எஞ்சின் தள்ளுவதையும் வளைவில் பக்கவாட்டு விசையையும் அந்த இரண்டு டயர்தான் சேர்ந்து தாங்க வேண்டும். இதே காரணத்துக்காகத்தான் இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால், முன் சக்கர ஓட்டக் காராக இருந்தாலும், புதியதைப் பின்னால் போடுங்கள் என்று டயர் கம்பெனிகள் சொல்கின்றன. இங்கே நிறையப் பேர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். பின்னால் என்ன இருந்தால் என்ன என்று ஒரு நினைப்பு.

சரி, வாங்கப் போனேன்.

முதல் கடையில் கவுன்ட்டரில் இருந்தவர் நாலையும் 245/40ஆகப் போட்டுவிடலாம் என்றார். "முன்னால் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டலாம், நிறைய நாள் வரும்." அவர் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. முன்னால் ஒரு அளவு, பின்னால் வேறு அளவு இருக்கிற காரில் டயர்களை முன்பின் மாற்ற முடியாது. பின் டயர் சீக்கிரம் தேய்ந்தால் அதை மட்டும் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பந்தயத்துக்குப் போகிறவர்கள் நாலும் ஒரே அளவாகப் போடுவது உண்டு, அவர்கள் ஸ்பிரிங்கிலிருந்து, வளைவில் கார் சாய்வதைத் தடுக்கும் கம்பி வரைக்கும் சேர்த்து மாற்றுவார்கள். என் காரில் எதையும் மாற்றாமல் முன் டயரை மட்டும் அகலமாக்கினால், கீ ரிட்ஜில் நடந்தது இன்னும் கொஞ்சம் சுலபமாக நடக்கும். இதை நான் சொன்னபோது அவர் என்னைப் பார்க்காமல், என்னோடு வந்த என் தம்பியைப் பார்த்துப் பதில் சொன்னார். தம்பிக்குக் கார் ஓட்டவே தெரியாது. வெளியே வந்துவிட்டோம்.

இரண்டாவது கடையில் அளவு கிடைத்தது, ஆனால் பின்னாலுக்கு ஒரு கம்பெனி, முன்னாலுக்கு வேறு கம்பெனி. சட்டப்படி தப்பில்லை, இந்த நாட்டுச் சட்டம் கேட்பது ஒரே அச்சில் இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்க வேண்டும் என்பதும், பட்டன் 1 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பதும்தான். 1 மில்லிமீட்டர் என்பது டர்பன் மழைக்கு மிகக் குறைவு என்பது என் எண்ணம். சாலையில் 3 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது, 225 அகல டயர் 80 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விநாடியும் 15 லிட்டர் தண்ணீரை அது வழியிலிருந்து ஒதுக்க வேண்டும். ஒரு குடம் தண்ணீர், ஒரு விநாடியில், ஒரு சக்கரத்துக்கு. அந்தத் தண்ணீர் போக இருக்கிற வழி பட்டன்களுக்கு நடுவே ஓடும் வாய்க்கால்தான். வாய்க்கால் தூர்ந்தால் டயர் தண்ணீர் மேல் ஏறி மிதக்கும்.

இதே காரணத்தால், பந்தயத் தடத்துக்கென்று செய்த பாதி வழுக்கை டயர்களையும் ஒதுக்கிவிட்டேன். காய்ந்த சாலையில் அவை பசை மாதிரி ஒட்டும். பக்கச்சுவரில் தேய்மான எண் என்று ஒன்று எழுதியிருக்கும். அந்த வகையில் அது 200 அல்லது அதற்கும் கீழே இருக்கும், எண் குறையக் குறையப் பொதுவாக ரப்பர் மென்மை. நான் தடத்துக்குப் போகிறவள் இல்லை. கிளினிக்குகளுக்குக் கணக்கு பார்க்கப் போகிறவள், அக்டோபர் முதல் மார்ச் வரை மழையில் நனைகிறவள், ஞாயிற்றுக்கிழமை போதாஸ் ஹில் பக்கம் ஆர்103 சாலையின் வளைவுகளுக்காக விடியற்காலையில் எழுந்திருப்பவள். என் டயர் என் வாழ்க்கைக்குப் பொருந்த வேண்டும்.

19 அங்குல மேக் ஆசையும் வந்தது, மறைக்க மாட்டேன். அலாய் வீலை இங்கே மேக் என்றுதான் சொல்வார்கள். என் காரில் அது எவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்துச் சாலைகளில் விழுந்த குழிகளும் தெரியும். பக்கச்சுவர் குறையக் குறைய, குழியில் விழும் அடி நேராக ரிம்முக்குப் போகும். உள்ளே நூல் அறுந்து, டயரின் விலாவில் முட்டை மாதிரி ஒரு வீக்கம் வரும். அந்த டயரை அதன் பிறகு நம்ப முடியாது. கையிலிருந்த 110 மில்லிமீட்டரை இழக்க மனம் வரவில்லை.

மூன்றாவது கடையில் ஆர்டர் கொடுத்தேன். நாலும் ஒரே கம்பெனி, ஒரே மாதிரி: மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4. அது மட்டும்தான் நல்ல டயர் என்று சொல்ல வரவில்லை. கதவுத் தாளில் இருக்கும் இரண்டு அளவிலும் ஒரே மாதிரி டயர் கிடைக்கிறதா என்று முதலில் பார்த்தேன், அதிலேயே பாதிப் பெயர்கள் கழிந்தன. அடுத்தது, அளவுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் எடை எண்ணும் வேக எழுத்தும். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 96 என்றால் 710. டபிள்யூ என்றால் மணிக்கு 270 கி.மீ. வரை. நான் அந்த வேகத்தில் போகப் போவதில்லை. ஆனாலும் தாளில் இருப்பதற்குக் குறைவானதை மாட்டக்கூடாது. சூட்டைத் தாங்கும் திறனும் அந்த எழுத்துக்குள்தான் இருக்கிறது. மூன்றாவதுதான் ஈரத்துப் பிடி. விலை கடைசியில் வந்தது, வலிக்கத்தான் செய்தது.

டயர்கள் வந்த அன்று மாமாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் நாலையும் சுவரில் சாய்த்து வைக்கச் சொல்லி, ஒவ்வொன்றின் தேதியையும் சத்தமாகப் படித்தார். பின் டயர் ஜோடியில் ஒன்று சமீபத்தியது. மற்றது அதைவிட இரண்டரை வருடம் மூத்தது. கடைக்காரர், குடோனில் நிழலில் இருந்ததுதானே, ஒன்றும் ஆகாது என்றார். இருக்கலாம். ஆனால் ஒரே அச்சில் இரண்டு டயரும் சேர்ந்து வயதாக வேண்டும் என்பது மாமாவின் கட்சி. "கல்யாணத்துக்குப் பொருத்தம் பாக்குறோம், இதுக்குப் பாக்க வேணாமா?" என்று தமிழில் என்னிடம் சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் அவரிடம் வேறு டயர் கேட்டார். ஒன்பது நாள் காத்திருந்தேன். அந்த ஒன்பது நாளும் ஒரு பழைய பக்கியில், அதாவது பிக்கப் வண்டியில், யாரோடாவது தொற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

ஜோடிப் பொருத்தத்தில் மாமா இவ்வளவு கறாராக இருப்பது எனக்கு முதலில் புதிதாக இருந்தது. பிறகு டர்பனின் பீனிக்ஸ் பகுதியில் இருக்கும் என் தோழி சொன்னாள்: அவள் கணவரின் சுபாருவில் ஒரே ஒரு டயர் கிழிந்து, ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டுவிட்டார்களாம். நாலு சக்கர ஓட்டம் உள்ள அந்தக் காரில் நாலு டயரின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குமேல் வேறுபடக் கூடாது என்பது சுபாருவின் கணக்கு. வேறுபட்டால் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி, கார் நேராகப் போகும்போதுகூட ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். என் காரிலும் பின் அச்சில் இரண்டு சக்கரத்தையும் பிணைக்கிற ஒரு கெட்டித் திரவப் பூட்டு இருக்கிறது. இடது ஒரு அளவு, வலது ஒரு அளவு என்று தேய்ந்த டயர் போட்டால் அது சும்மாவே சூடாகும்.

மாட்டும்போது மாமா நகரவில்லை. இந்த டயருக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் உண்டு. வெளியே இருக்க வேண்டிய பக்கத்தில் எழுதியே இருக்கும். அப்படியும் தப்பாக மாட்டிய கார்களை அவர் பார்த்திருக்கிறார். வால்வுகளைப் புதிதாகப் போடச் சொன்னார். போல்ட் நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் கடைசிவரை இறுக்க விடவில்லை, அளவோடு இறுக்கும் டார்க் ஸ்பேனரை எடுக்க வைத்தார். பிறகு சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட். திரையில் முன் சக்கரங்களின் டோ, அதாவது அவை உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, சிவப்பிலிருந்து பச்சைக்கு வந்தபோது, அந்த ரம்பப் பல் என் விரலில் மறுபடி தட்டியது போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமி நாலு எலுமிச்சம்பழம் கொண்டு வந்தார். கார் புதிதில்லையே மாமி என்றேன். "டயர் புதுசுதானே" என்றார். சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து, கற்பூரம் காட்டி, மெதுவாக ஏற்றச் சொன்னார். பழம் நசுங்கும்போது அந்த நாலு இடத்தையும் பார்த்தேன். காரும் நானும் சேர்ந்து சுமார் 1,500 கிலோ. ஒரு சக்கரத்துக்கு 375. உள்ளே காற்றழுத்தம் 2.4 பார், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.4 கிலோ. வகுத்தால் ஒரு டயர் தரையைத் தொடுகிற இடம் 150 சதுர சென்டிமீட்டர் சொச்சம். விரல்களையும் சேர்த்து என் கையை விரித்து வைத்தால் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும்.

முதல் 300 கிலோமீட்டருக்கு வேகம் வேண்டாம் என்றார் மாமா. ஆலையில் வார்ப்பு அச்சிலிருந்து டயரை எடுக்கத் தடவிய வழுக்குப் பொருள் மேல்தோலில் ஒட்டியிருக்கும், அது தேயும்வரை பிடி முழுதாக வராது. வேலைக்கும் வீட்டுக்குமாகவே அதை ஓட்டி முடித்தேன். பிறகு ஒரு ஞாயிறு, மழை பெய்து ஓய்ந்த காலையில், போதாஸ் ஹில். முதல் வளைவிலேயே தெரிந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் திரும்பின. இவ்வளவு நாள் முன்பக்கம் ஒரு காராகவும் பின்பக்கம் ஒரு காராகவும் ஓட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. எச்சரிக்கை விளக்கு அதற்குப் பிறகு எரியவே இல்லை.

ஜூலையில் ஜோகன்னஸ்பர்க் போனபோது காற்றுக் கணக்கு ஒன்று கிடைத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். டர்பன் கடல் மட்டம். ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால், அதே டயரில் அளவி கிட்டத்தட்ட 0.19 பார் கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் டர்பனில் 20 டிகிரியில் அடித்த காற்று, அங்கே மறுநாள் விடியலில் 4 டிகிரியில் சுருங்கி, ஏறக்குறைய அதே 0.19ஐ இழக்கும். காலை ஆறு மணிக்குக் குளிரில் நடுங்கிக்கொண்டு அளந்தேன். 2.4. ஒன்றையொன்று தின்றுவிட்டன. வழியில் ஹாரிஸ்மித்தில், வான் ரீனன் ஏற்றம் ஏறிய சூட்டோடு அளந்தபோது அதிகமாகத்தான் காட்டியது; பெட்ரோல் பங்கில் காற்றை இறக்கட்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். சூடான டயரில் காற்றை இறக்கினால் ஆறியதும் குறைந்து போகும்.

திரும்பி வந்த வாரம் மாமா முக்காலியோடு வந்தார். ஸ்டியரிங்கை ஒடித்து வைத்தேன். வலது பக்கம் தடவினார், என்னையும் தடவச் சொன்னார். போகும்போதும் வரும்போதும் ஒன்றுபோல இருந்தது. இடது பக்கம் கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டே இருந்தார். "இங்க லேசா இருக்கும்மா" என்றார். நானும் தொட்டேன். மிக லேசாக, ஓரத்துப் பட்டன்களில் மட்டும். ஏதோ ஒரு குழி, எங்கேயோ. செவ்வாய்க்கிழமை அலைன்மென்ட்டுக்கு நேரம் வாங்கியிருக்கிறேன், மாமாவும் வருகிறார்.